வக்கான்ஸ் அண்ணை

மார்கழித் தூறலுக்குள், பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒருவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றால், ஒன்றில் கண்ணில் ஒப்பரேஷன் செய்தவர், இல்லையென்றால் வீட்டில் அடி வாங்கியவர் என்றுதான் நாங்கள் நினைப்போம். அண்ணை இரண்டு கட்சியிலும் இல்லை. தேத்தண்ணிக் கடை வாசலில் சூட்கேஸைக் காலுக்கிடையில் இறுக்கிக்கொண்டு நிற்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, உள்ளே இருக்கிற எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுவார்.

"அப்ப வாறன் பெடியள். நான் வக்கான்ஸுக்குப் போறன்."

வக்கான்ஸ் என்றால் பிரெஞ்சில் விடுமுறை. அவர் போவது அல்ப்ஸ் மலைக்குள் கிடக்கிற ஒரு சின்னப் பள்ளத்தாக்கு ஊருக்கு. பனிக்காலம் முழுக்க அங்கே. சித்திரையில் வந்து கொஞ்ச நாள் வீட்டில் நிற்பார். பிறகு கோடைக்கு மறுபடி அங்கே. ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவுகிற வேலை. இது கடையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் "வேலைக்குப் போறன்" என்று அவர் வாயால் வந்து நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அப்படித்தான் வக்கான்ஸ் அண்ணை என்ற பெயர் விழுந்தது. வைத்தது நான் என்று ஒரு கதை இருக்கிறது. மறுக்கமாட்டேன். கவிஞனாவதற்காகப் பாரிசுக்கு வந்து மரக்கறி வான் ஓட்டுகிறவனுக்கு, ஊர் முழுக்கப் பரவிய ஒரே படைப்பு அதுதான்.

அந்த மலையூரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர் உச்சரித்த மாதிரி எழுதினால் பிரெஞ்சுக்காரர் கோவிப்பார்கள். சரியாக எழுதினால் அவர் கோவிப்பார். "எங்கடை ஊர்" என்றுதான் சொல்லுவார். யாராவது புதிதாக வந்தவர், "உங்கடை ஊர் நல்லூரோ அண்ணை, கோண்டாவிலோ?" என்று கேட்டால், "இல்லையடாப்பா, அதுக்குக் கொஞ்சம் மேலை. பனி கொட்டுற பக்கம்," என்பார்.

ஊரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் தேத்தண்ணி ஆறிவிடும்.

"ஆறு எண்டு ஒண்டு ஓடுது. தண்ணியில்லை, பால். கிளேசியர், அதுதான் மலையிலை உறைஞ்ச பனியாறு, உருகி வாற தண்ணி அப்பிடித்தான், வெளிறிக் கிடக்கும். தேவாலயத்துக் கூரை வெங்காயம் மாதிரி. ஒரு சின்னச் சிவத்த ரயில் இருக்கு, பல்லுச் சக்கரம் வச்சது, மலையைக் கடிச்சுக் கடிச்சு ஏறும். புரட்டாதியிலை மாட்டுக்குப் பூமாலை போட்டு, மணி கட்டி, மலையாலை இறக்குவினம். எங்கடை தேர் தோத்துப்போகும். பேந்து, ஐஸுக்குள்ளை குகை வெட்டி வச்சிருக்கிறாங்கள். கதிரை, மேசை, கட்டில் எல்லாம் ஐஸ்."

"ஐஸ்கட்டிலிலை ஆர் அண்ணை படுக்கிறது?"

"படுக்கிறதுக்கில்லையடா மொக்கா. பாக்கிறதுக்கு."

ஒருமுறை, புதிதாகப் படிக்க வந்திருந்த சென்னைப் பெடியன் ஒருவன் மரியாதையாகக் கேட்டான், "அண்ணா, விடுப்புல போறீங்களா?" கடை சிரித்தது. எங்களுக்கு விடுப்பு என்றால் அடுத்தவன் வீட்டுக் கதையை எட்டிப் பார்க்கிறது. அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. "ஓம் தம்பி, சரியாச் சொன்னீர்," என்றார். "வெள்ளைக்காரன் என்னமாதிரிச் சந்தோசமா இருக்கிறான் எண்டு விடுப்புப் பாக்கத்தான் போறன்."

அவருடைய உள்ளங்கைகள் வெடித்து, விரல்நுனித் தோல் உரிந்து, வெங்காயச் சருகு மாதிரி இருக்கும். "பனி கடிச்சது," என்பார். "ஸ்கீயிலை சறுக்கேக்கை கிளவுஸ் கழண்டு போச்சு." வேலையில்லாமல் திரிந்த ஒருவர், "அங்கை எனக்கும் ஒரு வேலை பாத்துத் தாங்கோவன்," என்று மெதுவாகக் கேட்டதற்கு, "வேலையோ? அந்த ஊரிலை ஒருத்தனும் வேலை செய்யிறேல்லை. எல்லாரும் சறுக்கிறாங்கள்," என்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். கேட்டவர் தேத்தண்ணியைக் குடித்து முடிக்காமல் போய்விட்டார். பகிடி என்பது இப்படித்தான், யாராவது ஒருவர் அதற்குள் சிரிக்காமல் நின்றிருப்பார்.

இங்கே எங்களையும் பார்க்க ஆட்கள் வருகிறார்கள், அதையும் சொல்லவேண்டும். லா சப்பலும் ஒரு பள்ளத்தாக்குத்தான். ஒரு பக்கம் வடக்கு ஸ்டேஷன் தண்டவாளம், மறுபக்கம் கிழக்கு ஸ்டேஷன் தண்டவாளம், நடுவில் நாங்களும் முருங்கைக்காயும். குடை பிடித்த ஒரு வழிகாட்டி, பின்னால் பத்துப் பன்னிரண்டு வெள்ளைக்காரர். வாழைப்பொத்தியைப் படம் எடுக்கிறார்கள், சேலைக் கடைப் பொம்மையை எடுக்கிறார்கள். ஒருநாள் வெங்காய மூட்டையோடு நின்ற என்னை எடுத்தார்கள். வயிற்றை எக்கிப் பிடித்தேன். இவ்வளவு காலத்தில் என் உடம்பை ஒரு காட்சியாக மதித்தது அவர்கள்தான். அண்ணை மூலையில் இருந்து, "நல்லாப் பாக்கட்டும். பாக்க வாறவனை முறைக்கக்கூடாது. அவன் காசு குடுத்துத்தான் வந்தவன்," என்றார். அதில் பகிடி இருந்ததா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

தன்னைப் பற்றி அவர் சொன்ன ஒரே கதை முதல் வருஷத்தில் நடந்தது. அப்போது அவருடைய அகதி வழக்கு நிராகரிக்கப்பட்டு, மறுபடி விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த நேரம். ஓய்வு நாள் ஒன்றில் ஊருக்கு வெளியே நடந்தபோது மஞ்சள் பலகை ஒன்றைக் கண்டார். அம்புக்குறி போட்டு 'ரெஃபூஜ்' என்று எழுதியிருந்தது. அகதிக்கு பிரெஞ்சில் 'ரெஃபூஜியே'. மனிதர் கணக்குப் போட்டார். நகரத்தில் இருக்கிற அகதி அலுவலகத்துக்கு மலையிலும் ஒரு கிளை இருக்கிறது. கூட்டமும் இருக்காது. அறைக்கு ஓடிப்போய், வழக்குக் காகிதங்கள் எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு, குசினிச் சப்பாத்தோடு ஏறத் தொடங்கினார். பாதை முடியவில்லை. மூச்சு வாங்க மேலே போய்ச் சேர்ந்தால் ஒரு மரக்குடிசை. மலையேறுகிறவர்கள் இராத்தங்குகிற இடத்துக்கு பிரெஞ்சில் அதுதான் பெயர். வாசலில் தாடிக்காரக் கிழவன் ஒருவன் நின்று, "ரிசர்வேஷன் இருக்கோ?" என்று கேட்டிருக்கிறான்.

"நான் சொன்னன், ஐயா, நான் ரெஃபூஜியே எண்டு. அவன் சொன்னான், இது ரெஃபூஜ்தான், ஆனா இண்டைக்கு நிரம்பிப்போச்சு எண்டு."

கடையில் ஒருவருக்குப் புரைக்கேறியது. எனக்குக் கண்ணால் தண்ணீர் வந்தது. "பேந்து?" என்று கேட்டோம்.

"பேந்தென்ன? சூப் தந்தான். குடிச்சிட்டு இறங்கினன். பாரிசிலை இருந்த அலுவலகம் சூப்பும் தரேல்லையே."

அண்ணையின் குடும்பம் பாரிசுக்கு வெளியே வில்லியே லே பெல்லில், மாடிக் குடியிருப்பு ஒன்றில் இருந்தது. மனைவியை நாங்கள் அக்கா என்போம். அலுவலகங்கள் துப்பரவாக்குகிற வேலை. ஒரே ஒரு மகள். அந்தப் பிள்ளை மூன்று வயதில், சூட்கேஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போகவிடாமல் அழுதிருக்கிறது. அழுகையை நிற்பாட்ட இவர் சொன்னதுதான் முதல் வக்கான்ஸ். "அப்பா வக்கான்ஸுக்குப் போறன் பிள்ளை, வடிவான படமெல்லாம் அனுப்புவன்." சொன்னபடி அனுப்பினார். முதலில் தபாலில், பிறகு தொலைபேசியில் மலை வரும், பால் ஆறு வரும், மாலை போட்ட மாடு வரும். "அப்பா எங்க?" என்று பிள்ளை கேட்டால், "அப்பாதானே படம் எடுக்கிறது," என்பார்.

பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போனது. அப்பா என்ன செய்கிறார் என்று ஆசிரியை கேட்டபோது, "வக்கான்ஸில் நிற்கிறார்," என்று எழும்பி நின்று சொல்லியிருக்கிறாள். சில மாதம் கழித்துக் கேட்டாலும் அதே பதில். ஆசிரியை அக்காவைக் கூப்பிட்டுக் கதைத்தார். அக்கா நேரே லா சப்பலுக்கு வந்தா. நான் கடைக்கு முன்னால் வானில் இருந்து கத்தரிக்காய்ப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, டீச்சர் கேக்கிறா, உங்கடை மனுசன் உங்களை விட்டிட்டுப் போட்டாரோ எண்டு."

சொல்லிவிட்டு அக்கா சிரித்தா. பிறகு சிரிக்கவில்லை. என்னுடைய தொலைபேசியில் அண்ணையைப் பிடித்துக் கொடுத்தேன். சத்தமாகக் கதைக்கிற ஆள், எனக்கும் கேட்டது. பின்னால் கோப்பைகள் அடிபட்டுக்கொண்டிருந்தன.

"நல்ல பதில்தானே சொல்லியிருக்கிறாள்," என்றார்.

"பகிடி விடாதையுங்கோ. பிள்ளைக்கு உண்மையைச் சொல்லுங்கோ."

"என்னத்தைச் சொல்ல? என்ரை அப்பா கோப்பை கழுவுறார் எண்டு வகுப்பிலை எழும்பிச் சொல்லோணுமோ? வக்கான்ஸ் எண்டே இருக்கட்டும். வெள்ளைக்காரப் பிள்ளையளே பொறாமைப்படுங்கள்."

"அவையள் ஒருத்தரும் பொறாமைப்படேல்லை," என்றா அக்கா. "இவள்தான் படுறாள்."

அந்தப் பக்கம் கோப்பைகள் இன்னும் பலமாக அடிபட்டன.

பிறகு எப்படியோ மகளுக்கு உண்மை தெரிந்தது. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் யார் சொன்னார்களோ. தெரிந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் நினைத்தோம். சரியாகவில்லை. தன்னை விட்டுவிட்டு மலையில் உல்லாசமாகத் திரிகிற அப்பாவை வெறுத்துப் பழகிய பிள்ளை அவள். அப்படி ஒரு அப்பா இல்லை என்று ஆனபிறகு, அந்த வெறுப்பைக் கொண்டுபோய் எங்கே வைப்பது? அவரிடமே வைத்தாள். அவர் தமிழில் கேட்டால் அவள் பிரெஞ்சில் பதில் சொன்னாள். படங்கள் அப்போதும் வந்துகொண்டிருந்தன. பதிலுக்கு ஒரு கட்டைவிரல் குறியை அனுப்பிவிட்டு வைத்துவிடுவாள்.

அண்ணையின் வக்கான்ஸ் முடிந்தது குசினி நிலத்தில். சவர்க்காரத் தண்ணீரில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. இரண்டு பக்கமும் ஊன்றுகோலோடு பாரிசுக்கு வந்தவரை ரயிலில் ஒரு வெள்ளைக்காரி எழும்பி இருத்திவிட்டு, "ஸ்கீயா?" என்று ஆசையாகக் கேட்டிருக்கிறாள். "ஓம் மதாம், ஸ்கீ," என்றாராம். கடையில் இதைச் சொல்லி அவரே சிரித்தார். நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி.

இனி வேலைக்கு ஏலாது என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தபிறகு, ஒருநாள் என் வானின் கதவைத் தட்டினார்.

"உன்ரை வான் வேணும். டிரைவரோடை."

"டிரைவர் ஆர் அண்ணை?"

"இந்த வானை வேறை ஆர் ஓட்டுவான்? கருவாடு மணக்குது." பிறகு குரலை இறக்கினார். "மகள் ஓமெண்டிட்டாள். தாய் அழுதபடியா ஓமெண்டவள், எண்டாலும் ஓமெண்டிட்டாள். ஒருக்கா எங்கடை ஊரைக் கொண்டுபோய்க் காட்டோணும். பாத்திட்டு, வடிவாயிருக்கு அப்பா எண்டு அவள் சொல்லோணும். எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்."

ஆவணி மாதம், நாலுபேராகப் போனோம். அண்ணை முன்சீட்டில். பின்னால் அக்கா இடியப்பப் பெட்டியோடு. மகளுக்கு அப்போது இருபத்தைந்து வயதிருக்கும், ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. காதுக்குள் பாட்டுக் குமிழைச் செருகிக்கொண்டு, பாரிசில் மூடிய கண்ணை மலைக்குள்தான் திறந்தாள்.

ஊர் அவர் சொன்ன மாதிரியேதான் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஆறு பால் நிறம். கூரை வெங்காயம். யன்னல்கள் எல்லாம் சிவத்த பூ. அவர் ஊன்றுகோலை நீட்டி நீட்டிக் காட்டினார். "அங்கை பார் பிள்ளை, பல்லுச்சக்கர ரயில். இஞ்சாலை, சீஸ் பழுக்கவைக்கிற குகை." மகள் "உய்" என்றாள். உய் என்றால் ஓம். எங்கள் ஓமில் கொஞ்சமாவது வாய் திறக்கவேண்டும்.

ஊரே தன்னைத் தெரியும் என்று அவர் சொல்லியிருந்தார். கடைத்தெருவில் ஒருவரும் தலையசைக்கவில்லை. அவர்தான் எல்லாருக்கும் அசைத்துக்கொண்டு போனார். ஹோட்டலுக்குப் போகிற வழியில் கால் பழக்கத்தில் குப்பைத்தொட்டிச் சந்துக்குள் திரும்பியது. அக்கா தோளைப் பிடித்து முன்பக்கம் திருப்பினா.

வெளிமுற்றத்தில் குடை விரித்த மேசையில், வாடிக்கையாளராக இருந்து கோப்பி குடித்தோம். பரிமாற வந்த பெடியன் புதியவன். சிரித்த முகம். நாங்கள் தூரத்து ஆட்கள் என்று கண்டு, பார்க்கவேண்டிய இடங்கள் அச்சடித்த மடிப்புத்தாள் ஒன்றைக் கொண்டுவந்து அண்ணையின் கையில் கொடுத்தான்.

"இந்தப் பள்ளத்தாக்குக்கு முதல்தரம் வாறீங்களோ?"

அண்ணை தாளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "ஓம்," என்றார் பிரெஞ்சில். "முதல்தரம்."

மகள் காதிலிருந்த குமிழைக் கழற்றினாள். பெடியன் போனதும் பிரெஞ்சில் கேட்டாள், ஏன் பொய் சொல்கிறீர்கள் என்று. அவர் குடித்து முடித்த கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு, அதுவரை அவள் வாயால் நான் கேட்டிராத தமிழில், சொல் சொல்லாகப் பொறுக்கிக் கேட்டாள்.

"நீங்கள் எங்க கழுவினது? எனக்கு அதைக் காட்டுங்கோ."

"அங்கை பாக்க ஒண்டுமில்லைப் பிள்ளை."

"நான் அதைத்தான் பாக்கோணும்."

"விசர்க்கதை கதையாதை. தெலெபெரிக்கிலை சனம் கூடப்போகுது. எழும்புங்கோ எல்லாரும்."

தெலெபெரிக் என்பது கம்பியில் தொங்கிப்போகிற பெட்டி. அதன் வாசலில் மகள் நின்றுவிட்டாள். "நீங்கள் போங்கோ. நான் அம்மாவோட நிக்கிறன்." அண்ணைக்கு முகம் விழுந்தது. ஆனாலும் டிக்கெட்டைக் கிழித்துவிட்டார்கள். உயரமென்றால் கதிரையில் ஏறி பல்ப் மாற்றவும் பயப்படுகிற என்னை இழுத்துக்கொண்டு ஏறினார். பெட்டி தரையை விட்டதும் நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, லா சப்பலில் ரூ பஜோல் தெருவில் இருக்கிற பிள்ளையாருக்கு நூறு தேங்காய் நேர்ந்தேன். காதில் அவருடைய குரல் மட்டும். இடப்பக்கம் இந்தச் சிகரம், வலப்பக்கம் அந்தச் சிகரம், எல்லாம் பெயரோடு.

மேலே இறங்கியபோதுதான் கவனித்தேன். பார்வைத் தளத்துக்குப் போகிற கதவை அவர் இழுத்துக்கொண்டு நின்றார். தள்ளவேண்டிய கதவு அது. பின்னால் வந்த ஒரு சின்னப் பெண் தள்ளித் திறந்துவிட்டாள். அண்ணை இங்கே ஒருநாளும் வந்ததில்லை.

கம்பியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் கிளேசியரைத் தேடினார். தூரத்தில், கல்லும் சேறுமாக ஒரு பெரிய பள்ளம், அதன் உச்சியில் அழுக்கு வெள்ளையாக ஒரு துண்டு.

"படத்திலை இன்னும் கிட்ட நிண்டது," என்றார்.

"உருகிப்போச்சுதாக்கும் அண்ணை."

"சொல்லாமல் கொள்ளாமல்," என்றார்.

கீழே வந்தபோது தாயும் மகளும் மர வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு மழையில்லை. மகளின் வெள்ளைச் சப்பாத்து இரண்டும் தொப்பலாக நனைந்திருந்தன. அண்ணை முன்னால் நடக்க, அக்கா எனக்குக் கிட்ட வந்து முணுமுணுத்தா, "பின்வழியாலை குசினிக்குள்ளை போய்ப் பாத்திட்டு வந்திட்டாள். கழுவிக்கொண்டு நிண்ட பெடியன் உள்ளை விட்டவனாம்."

வான் பள்ளத்தாக்கை விட்டு நெடுஞ்சாலையில் ஏறியது. அண்ணை கண்ணாடியில் பின்சீட்டைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக இருந்தார். கடைசியில் பொறுக்கமுடியாமல் திரும்பாமலே கேட்டார்.

"எப்பிடிப் பிள்ளை? வடிவாயிருந்ததோ எங்கடை ஊர்?"

மகள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க யன்னல் இல்லை, அப்பா."

ஏதாவது பகிடி சொல்லி இந்த இடத்தைக் கடக்கவேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணை மெதுவாக, ஹோட்டல்காரனுக்காக நியாயம் சொல்கிறவர் மாதிரிச் சொன்னார்.

"மற்ற எல்லா அறைக்கும் இருக்குப் பிள்ளை. மலையைப் பாத்தபடி."